தணிக்கை அறிக்கை எங்கே போகிறது?

மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழுள்ள ஒரு மருத்துவமனை 6 கோடி ரூபாய்க்கு ஒரு ஸ்கேன் கருவி வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கருவி வந்து இறங்கிவிடுகிறது. விற்றவருக்குப் பணமும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் அதை நிறுவ வேண்டிய அறையில் மின் இணைப்பு வேலை முடியவில்லை. இரண்டு ஆண்டுகள் கருவி பெட்டியிலேயே கிடக்கிறது. உத்தரவாதக் காலமும் பெட்டிக்குள்ளேயே முடிந்துபோகிறது. இது கற்பனைதான் என்றாலும், தணிக்கை அறிக்கைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்த வகைக் கதை புதிதாக இருக்காது. இதில் யாரும் பணத்தைத் திருடவில்லை. ஒவ்வொரு பட்டியலிலும் கையொப்பம் முறையாக இருக்கிறது. அப்படியிருந்தும் 6 கோடி ரூபாய் வரிப்பணம் இரண்டு ஆண்டுகள் எவருக்கும் பயன்படாமல் கிடந்தது என்பதை நாடாளுமன்றத்துக்கு யார் சொல்வது, சொன்ன பிறகு என்ன நடக்கும் என்பவற்றை இந்தக் கட்டுரை இந்திய நடைமுறையைக் கொண்டு விளக்குகிறது.

முதலில், பணம் செலவாவதற்கு முன்பு நாடாளுமன்றம் செய்வதைப் பார்த்துவிடலாம். நாடாளுமன்றம் சட்டம் இயற்றி ஒதுக்காமல் இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாயைக்கூட அரசு எடுக்க முடியாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 114ஆம் பிரிவு. அதன்படி ஒவ்வோர் அமைச்சகமும் தன் செலவுக்கு இவ்வளவு தொகை வேண்டும் என்ற மானியக் கோரிக்கையை மக்களவையில் வைக்கிறது. அவை வாக்களித்த பிறகு நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறுகிறது. 2025-26ஆம் ஆண்டுக்கான மத்திய நிதிநிலை அறிக்கையின் மொத்தச் செலவு மதிப்பீடு 50.65 லட்சம் கோடி ரூபாய். இவ்வளவு பெரிய தொகையை உறுப்பினர்கள் வரி வரியாகப் பார்த்துத்தான் ஒப்புதல் தருகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சில அமைச்சகங்களின் கோரிக்கைகள் மட்டுமே விரிவாக விவாதிக்கப்படுகின்றன. குறித்த நாள் வந்ததும் மீதமுள்ளவை விவாதமே இல்லாமல் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடப்படுகின்றன. இதற்கு நாடாளுமன்ற வழக்கில் ‘கில்லட்டின்’ என்று பெயர். வட்டிச் செலவு, நீதிபதிகளின் ஊதியம் போன்ற சில இனங்களை அவை விவாதிக்கலாமே தவிர, அவற்றுக்கு வாக்கெடுப்பே கிடையாது.

ஆக, முன்கூட்டிய மேற்பார்வை என்பது பெரும்பாலும் பருந்துப் பார்வைதான். கொடுத்த பணம் கொடுத்த நோக்கத்துக்கே போனதா, போனது பயன்பட்டதா என்பதைச் செலவான பிறகே சரிபார்க்க முடியும். அதற்கு நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நேரமும் இல்லை, கணக்கேடுகளைத் திறந்து பார்க்கும் ஆள்பலமும் இல்லை. செலவு செய்த அமைச்சகத்தையே கேட்டால் அது தனக்குச் சாதகமானதைத்தான் சொல்லும். ஆகவே செலவு செய்தவருக்குக் கீழ்ப்படியாத, ஆனால் செலவு செய்தவரின் அலமாரியைத் திறக்கும் அதிகாரமுள்ள ஒருவர் தேவைப்படுகிறார். பிரிட்டனில், செலவான பணத்துக்குக் கணக்குக் கேட்கும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 1861இலும், தணிக்கைக்கான சட்டம் 1866இலும் வந்தன. இந்தியாவில் 1860 நவம்பர் 16 அன்று எட்வர்ட் டிரம்மண்ட் முதல் தலைமைத் தணிக்கையராகப் பொறுப்பேற்றார். அப்போது இங்கே நாடாளுமன்றமே கிடையாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அன்றைய தணிக்கை ஆட்சியாளருக்காகவே நடந்தது, மக்கள் பிரதிநிதிகளுக்காக நடக்கவில்லை.

விடுதலைக்குப் பிந்தைய அரசமைப்புச் சட்டம் இந்தப் பதவிக்கு 148 முதல் 151 வரையிலான பிரிவுகளை ஒதுக்கியது. ‘இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவர்’ என்பது முழுப் பெயர். செய்திகளில் ‘சிஏஜி’ என்று சுருக்கமாக வருகிறது. அவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். உச்ச நீதிமன்ற நீதிபதியை எந்த முறையில், எந்தக் காரணங்களுக்காக நீக்கலாமோ அதே முறையில்தான் இவரையும் நீக்க முடியும். பதவிக்காலம் ஆறு ஆண்டுகள் அல்லது 65 வயது, இரண்டில் எது முன்னதோ அது. பதவியை விட்டுச் சென்ற பிறகு மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு பதவி வகிக்க அவருக்குத் தகுதியில்லை. நாளைய பதவிக்காக இன்று வளைந்து கொடுக்கக் கூடாது என்பதே இந்த விதியின் உட்பொருள். அவரது ஊதியமும் அலுவலகத்தின் நிர்வாகச் செலவும் மேலே சொன்ன, வாக்கெடுப்பு இல்லாத இனத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், அரசமைப்புச் சட்டத்தில் இடம்பெறும் அலுவலர்களுள் இவரே மிக முக்கியமானவராக இருக்கக்கூடும் என்றார். நாடாளுமன்றம் ஒதுக்கிய வரம்பைச் செலவு மீறாமல் பார்த்துக்கொள்பவர் அவர்தான் என்பது அவர் சொன்ன காரணம்.

இவ்வளவு காப்புகளுக்கு நடுவே ஓர் ஓட்டையும் உண்டு. அவரைத் தேர்ந்தெடுக்க எதிர்க்கட்சித் தலைவர் இடம்பெறும் தேர்வுக் குழு எதுவும் கிடையாது. தணிக்கைக்கு உள்ளாகும் அரசின் ஆலோசனைப்படிதான் நியமனம் நடக்கிறது. இந்தக் குறையை எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் சுட்டிக்காட்ட வேண்டும் என்பது என் கருத்து.

பதவியின் பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. ‘கம்ப்ட்ரோலர் அண்ட் ஆடிட்டர் ஜெனரல்’ என்ற ஆங்கிலப் பெயரின் முதல் சொல், பணத்தை வெளியே விடுவதைக் கட்டுப்படுத்துபவர் என்ற பொருள் தரும். பிரிட்டனில் இருக்கும் அதே பெயருடைய அலுவலர் உண்மையிலேயே கருவூலப் பணம் வெளியேறுவதற்கு ஒப்புதல் தருகிறார். நாடாளுமன்றக் கீழவையின் அலுவலராகவும் கருதப்படுகிறார். இந்திய அலுவலருக்கு இந்த இரண்டும் இல்லை. பணம் போன பிறகுதான் அவர் வருகிறார். 1976இல் மத்திய அரசின் கணக்குகளைத் தொகுக்கும் வேலையும் அவரிடமிருந்து பிரிக்கப்பட்டு அமைச்சகங்களிடம் போய்விட்டது. மாநிலங்களைப் பொறுத்தவரை அந்த வேலை இன்றும் அவரது துறையிடமே இருக்கிறது. சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் உள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத்தை, ஓய்வூதிய விவகாரத்துக்காகவாவது தமிழ்நாட்டு அரசு ஊழியர்கள் அறிந்திருப்பார்கள்.

இனி, பெட்டிக்குள் கிடக்கும் கருவிக்கு வருவோம். தணிக்கைக் குழு ஒன்று அந்த மருத்துவமனைக்கு வருகிறது. தணிக்கைத் துறைத் தலைவரின் அதிகாரங்களை வரையறுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எந்த அலுவலகத்தையும் பார்வையிடவும், எந்தக் கணக்கையும் ஆவணத்தையும் கேட்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அவர்களுக்கு ஒரு மேசை தரப்படுகிறது. ரொக்கப் பதிவேடு, கொள்முதல் கோப்பு, இருப்புப் பதிவேடு எல்லாம் அதன் மேல் வந்து குவிகின்றன. கருவி வந்த தேதி இருப்புப் பதிவேட்டில் இருக்கிறது, நோயாளிக்குப் பயன்படுத்திய பதிவு எங்குமே இல்லை என்பதைக் குழுவில் ஒருவர் கவனிக்கிறார். உடனே ஒரு தணிக்கைக் குறிப்பு எழுதப்படுகிறது. இதைத் துறைக்குள் ‘ஹாஃப் மார்ஜின்’ என்பார்கள்: தாளை நெடுக்கில் பாதியாகப் பிரித்து, ஒரு பக்கம் தணிக்கையர் கேள்வி, மறுபக்கம் அலுவலகத்தின் பதில் என்ற பழைய வழக்கத்திலிருந்து வந்த பெயர். பதில் திருப்தியாக இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். இல்லையென்றால் அது ஆய்வு அறிக்கையில் ஏறுகிறது. நம் ஊர் அலுவலகங்களில் ‘ஆடிட் அப்ஜெக்ஷன்’ என்றும் ‘தணிக்கைத் தடை’ என்றும் சொல்வது இதைத்தான்.

அந்தத் தடைகளுள் தொகையாலோ தன்மையாலோ முக்கியமானவை வரைவுப் பத்திகளாக மாறி, அமைச்சகச் செயலருக்கே அனுப்பப்பட்டு, அவரது விளக்கம் கேட்கப்படுகிறது. அச்சான அறிக்கையில் ‘இவ்வாறு அமைச்சகம் பதிலளித்தது, எனினும் இந்தப் பதில் ஏற்கத்தக்கதல்ல, ஏனெனில்…’ என்று ஓடும் வாக்கியங்கள் இந்தக் கடிதப் போக்குவரத்தின் எச்சங்களே. தணிக்கை அறிக்கையை முதன்முறையாகப் படிப்பவர்கள் இந்த ‘எனினும்’ வரும் இடங்களைத் தேடிப் படித்தாலே பாதி புரிந்துவிடும். குற்றச்சாட்டு, பதில், மறுப்பு மூன்றும் ஒரே பத்தியில் இருப்பதால்தான் பின்னால் நாடாளுமன்றக் குழுவுக்கு அது பயன்படுகிறது. ஒருதரப்புப் புகாராக மட்டும் இருந்திருந்தால் அமைச்சகம் ஒரே கூட்டத்தில் அதை ஊதித் தள்ளியிருக்கும்.

தணிக்கை ஒரே வகையானது அன்று. கணக்குகள் உண்மை நிலையைக் காட்டுகின்றனவா என்று பார்ப்பது ஒரு வகை. விதிகளுக்கு இணங்கச் செலவு நடந்ததா என்று பார்ப்பது இன்னொன்று. ஒரு திட்டம் தன் நோக்கத்தைச் சிக்கனமாகவும் திறமையாகவும் எட்டியதா என்று ஆராயும் செயல்திறன் தணிக்கைதான் பொது விவாதத்துக்கு அதிகம் வருவது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் பற்றிய செயல்திறன் தணிக்கை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீர்நிலை ஆக்கிரமிப்பு, நகரத் திட்டமிடல், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் திறந்துவிடப்பட்ட விதம் எல்லாவற்றையும் ஆராய்ந்து, அந்தப் பேரிடரில் மனிதத் தவறுக்குப் பங்கிருந்தது என்று அது சொன்னது. அந்த அறிக்கை 2018 ஜூலையில்தான் தமிழ்நாடு சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அரசின் கொள்கை சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வது தணிக்கையரின் வேலையில்லை. இலவசமாக ஒன்றைத் தருவதா வேண்டாமா என்பது அரசியல் முடிவு. தருவதாக முடிவு செய்தது உரியவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது தணிக்கைக்கு உரிய கேள்வி. நடைமுறையில் இந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அறிக்கை தயாரானதும் 151ஆம் பிரிவுப்படி மத்திய அரசு தொடர்பானது குடியரசுத் தலைவருக்கும், மாநிலம் தொடர்பானது ஆளுநருக்கும் போகிறது; அவர்கள் அதை அவைகளில் வைக்கச் செய்கிறார்கள். எத்தனை நாட்களுக்குள் வைக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. இந்த மௌனம் சிறு விஷயமன்று. டெல்லியில் 14 அறிக்கைகள் சட்டமன்றத்தில் வைக்கப்படாமல் தேங்கியிருந்து, ஆட்சி மாறிய பிறகு 2025 பிப்ரவரி முதல்தான் ஒவ்வொன்றாக வைக்கப்பட்டன. அவையில் வைக்கப்படும் வரை அறிக்கை பொது ஆவணம் ஆகாது. எனவே தாமதிப்பதே அறிக்கையின் பல்லைப் பிடுங்குவதற்கு எளிய வழியாகிவிடுகிறது. பொறுப்பான அதிகாரி ஓய்வு பெற்றுப் போன பிறகு வரும் கேள்விக்கு யார் பதில் சொல்வது?

அவையில் வைக்கப்பட்ட நாளன்று தொலைக்காட்சிகள் தொகையைப் பெரிய எழுத்தில் காட்டுகின்றன, மறுநாள் மறந்துவிடுகின்றன. உண்மையில் அறிக்கையின் வேலை அன்றைக்குத்தான் தொடங்குகிறது. அது நேரே பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகிறது. இந்தக் குழு 1921இலேயே தோன்றியது. ஆனால் அந்தக் காலத்தில் நிதித்துறையின் பொறுப்பில் இருந்தவரே அதற்குத் தலைமை வகித்தார். கணக்குக் கொடுப்பவரே கணக்குக் கேட்பவருமாக இருந்த அந்த விநோத ஏற்பாடு, 1950இல் குழு மக்களவைத் தலைவரின் கட்டுப்பாட்டுக்குள் வந்த பிறகு முடிவுக்கு வந்தது. இப்போது 22 உறுப்பினர்கள்: மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். ஆண்டுதோறும் விகிதாசார முறையில் தேர்ந்தெடுக்கப்படுவதால் எல்லாக் கட்சிகளுக்கும் அவற்றின் பலத்துக்கு ஏற்ற இடம் கிடைக்கிறது. அமைச்சர் எவரும் உறுப்பினராக இருக்க முடியாது. 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே தலைவராக இருப்பது மரபு. அந்த வரிசையில் முதலாமவர் மினு மசானி. அரசு நிறுவனங்கள் பற்றிய அறிக்கைகளைப் பார்க்க 1964 முதல் தனியாக ஒரு குழு இருக்கிறது.

குழுவால் எல்லாப் பத்திகளையும் விசாரிக்க முடியாது. ஆண்டுதோறும் சிலவற்றைத் தேர்ந்தெடுக்கிறது. தணிக்கைத் துறைத் தலைவரின் பங்கு இங்கேதான் கண்ணுக்குத் தெரியாமல் பெரிதாகிறது. அறிக்கையை எழுதிக் கொடுத்ததோடு அவர் ஒதுங்கிவிடுவதில்லை. எந்தப் பத்தி விசாரணைக்குத் தகுதியானது என்று குழுவுக்கு எடுத்துச் சொல்கிறார். தேர்ந்தெடுத்த ஒவ்வொரு பொருளிலும் எதைக் கேட்க வேண்டும், அமைச்சகத்தின் பதிலில் எது பொருந்தவில்லை என்பதைக் குறித்து முக்கியக் குறிப்புகளைத் தயாரித்துத் தருகிறார். சாட்சியம் எடுக்கும் கூட்டங்களிலும் உடன் அமர்கிறார். எதிரே அமர்ந்து பதில் சொல்பவர் அமைச்சரல்லர், அமைச்சகத்தின் செயலர். பொதுக் கணக்குக் குழு போன்ற நாடாளுமன்ற நிதிக் குழுக்கள் முன் அமைச்சர்களை அழைப்பதில்லை என்பது வழக்கம். நம் ஸ்கேன் கருவியை எடுத்துக்கொண்டால், ‘மின் இணைப்பு தாமதமாகிவிட்டது’ என்று செயலர் சொல்லும்போது, மின் பணிக்கான உத்தரவே கருவி வந்து எட்டு மாதம் கழித்துத்தான் போடப்பட்டது என்று கோப்பின் தேதியை வைத்துக்கொண்டு ஓர் உறுப்பினர் கேட்பார். அந்தத் தேதி அவர் கைக்கு வந்தது தணிக்கையரால். செயலரைக் கூப்பிட்டு உட்கார வைக்கும் அதிகாரமோ தணிக்கையருக்குக் கிடையாது, அது குழுவினுடையது.

குழுவின் இன்னொரு வேலை செய்திகளில் வருவதே இல்லை, ஆனால் நாடாளுமன்றத்தின் கண்ணோட்டத்தில் அதுவே அடிப்படை. ஒவ்வொரு மானியத்திலும் அவை எவ்வளவு ஒதுக்கியது, அரசு எவ்வளவு செலவழித்தது என்பதை எதிரெதிரே காட்டும் ஒதுக்கக் கணக்குகளையும் தணிக்கைத் துறைத் தலைவர் சரிபார்த்துச் சான்றளிக்கிறார். ஒதுக்கியதைவிட ஒரு ரூபாய் கூடினாலும் அது நாடாளுமன்றத்தின் அனுமதியில்லாமல் செலவான பணம். அதைக் குழு ஆராய்ந்து, காரணம் கேட்டு, முறைப்படுத்தலாம் என்று பரிந்துரைத்த பிறகே 115ஆம் பிரிவுப்படி மிகைச் செலவுக்கான மானியத்தை அரசு கேட்க முடியும். செலவழிக்காமல் விடுவதும் கேள்விக்குரியதே. கேட்டு வாங்கிய தொகை ஆண்டு முழுவதும் கிடந்து மார்ச் 31 அன்று திருப்பி ஒப்படைக்கப்பட்டால், அந்த மதிப்பீடு எந்த அழகில் போடப்பட்டது என்று குழு கேட்கிறது. மார்ச் மாதத்தில் அலுவலகங்களில் அவசர அவசரமாக நாற்காலி வாங்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

பெரிய தொகைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. 2010 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட இரண்டாம் தலைமுறை அலைக்கற்றை அறிக்கை, அரசுக்கு வந்திருக்கக்கூடிய வருவாயைப் பல முறைகளில் மதிப்பிட்டது; அவற்றுள் மிக உயர்ந்ததான 1.76 லட்சம் கோடி மட்டுமே மக்கள் நினைவில் நின்றது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் முன்னாள் அமைச்சர் ஆ. இராசா உள்ளிட்டோரை விடுவித்தது. இந்த இரண்டையும் வைத்து ‘தணிக்கை சரி’ என்றும் ‘தணிக்கை தவறு’ என்றும் இன்றளவும் வாதாடுகிறார்கள். தணிக்கை, நீதிமன்றத்தின் குற்ற விசாரணை, நாடாளுமன்றக் குழுவின் ஆய்வு மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தேடுபவை. வேறொரு விற்பனை முறையில் எவ்வளவு கிடைத்திருக்கும் என்ற அனுமானத் தொகை, யாருடைய பையிலோ போன பணத்தின் கணக்காகாது. அதே விவகாரத்தில் 2011இல் முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான பொதுக் கணக்குக் குழு தயாரித்த வரைவு அறிக்கை, கட்சிவாரியாகக் குழு பிளவுபட்டதால் கரை சேரவில்லை. கட்சி கடந்து ஒருமித்து அறிக்கை தருவதில்தான் இந்தக் குழுவின் பலமே இருக்கிறது. விவகாரத்தில் அரசியல் சூடு பிடிக்கும்போது அந்தப் பலம் முதலில் உடைகிறது.

தணிக்கையரால் ஒருவரைத் தண்டிக்கவோ, வீணான பணத்தை வசூலிக்கவோ இங்கே முடியாது. இலங்கையில் நிலைமை சற்று மாறுபட்டது. அங்கே 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம், இழப்புக்குப் பொறுப்பானவர்களிடமிருந்து அதை மேலதிகக் கட்டணமாக வசூலிக்க வழி செய்தது. அதற்கு முன்பே, மத்திய வங்கிப் பிணைமுறி (கடன் பத்திர) விவகாரத்தில், அந்நாட்டுத் தணிக்கைத் தலைவரான கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கை, ‘கோப்’ என்று அறியப்படும், அரசு நிறுவனங்களை ஆராயும் நாடாளுமன்றக் குழுவின் 2016ஆம் ஆண்டு அறிக்கைக்குக் கை கொடுத்தது. அந்தக் குழுவின் விசாரணைகள் அண்மைக் காலத்தில் செய்தியாளர்களுக்கும் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. இந்தியப் பொதுக் கணக்குக் குழு மூடிய அறையில்தான் கூடுகிறது. கேமரா இல்லாததால் உறுப்பினர்கள் கட்சி மறந்து பேசுகிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். அதில் உண்மை உண்டு என்றாலும், செயலர் தடுமாறிய இடத்தை மக்கள் பார்க்க முடியாமல் போவது இழப்புத்தான்.

விசாரணை முடிந்ததும் குழு தன் பரிந்துரைகளுடன் அறிக்கையை அவைகளில் வைக்கிறது. அமைச்சகம் ஒவ்வொரு பரிந்துரைக்கும் என்ன செய்தது என்று ஆறு மாதங்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். குழு தேர்ந்தெடுக்காத தணிக்கைப் பத்திகளும் தப்பிவிடுவதில்லை. அவற்றுக்கும் நடவடிக்கைக் குறிப்பு எழுதி, தணிக்கையரிடம் சரிபார்க்கச் செய்து அனுப்ப வேண்டும். இந்தப் பதில்களையெல்லாம் வைத்துக் குழு இரண்டாவதாக ஓர் அறிக்கை தருகிறது. மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கை பற்றிய அந்த அறிக்கையின் அமைப்பே சுவையானது. இரண்டாம் அத்தியாயத்தில் அரசு ஏற்றுக்கொண்ட பரிந்துரைகள் இருக்கும். மூன்றாவதில், அரசின் பதிலைப் பார்த்தபின் குழு மேற்கொண்டு வலியுறுத்த விரும்பாதவை. நான்காவதில், அரசின் பதிலைக் குழு ஏற்காமல் மீண்டும் வலியுறுத்துபவை. ஐந்தாவதில், அரசு இடைக்காலப் பதில் மட்டுமே தந்தவை. இந்த அறிக்கைகள் மக்களவை இணையதளத்தில் யாருக்கும் கிடைக்கின்றன. ஸ்கேன் கருவி நிறுவப்பட்டுவிட்டது, பொறுப்பு நிர்ணயிக்கப்பட்டது என்றால் அது இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கும். ‘விசாரணை நடைபெற்று வருகிறது’ என்ற ஒற்றை வரியோடு முடிந்திருந்தால் ஐந்தாவதில். நான் எப்போதும் முதலில் புரட்டுவது நான்காவதை.